கூழ் குடித்த ஜாக்குலின்

ஆடி மாதத்திலிருந்து எங்கள் ஜாக்குலினுக்குச் சபையில் திருவிருந்து கிடையாது. அப்பமும் திராட்சரசமும் வரிசையாக வரும்போது அவளை மட்டும் தாண்டிப் போய்விடும். ஏன் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அம்மன் கோயிலில் சாமியாடினாள் என்றுகூட ஒருத்தி பரப்பிவிட்டாள். ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. கூழ் குடித்தாள். அவ்வளவுதான்.

அவள் என் சின்னம்மா மகன் மோசஸின் இரண்டாவது பெண். எனக்கு மருமகள் முறை. மோசஸின் அப்பா கருப்பன் சாகும்வரை மாரியம்மனுக்குத் தீ மிதித்தவர். மோசஸ்தான் முதலில் ஞானஸ்நானம் வாங்கினான். கருப்பனின் தங்கை வழியில் யாரும் வாங்கவில்லை. அந்தத் தங்கையின் மகள் பெற்றவள்தான் பூங்கொடி. ஆகவே பூங்கொடியும் ஜாக்குலினும் முறைக்கு அக்கா தங்கை. படாளத்தில் எங்கள் காலனி அப்படித்தான். ஒரு வீட்டு வாசலில் சிலுவை இருக்கும், ஒட்டின வீட்டு வாசலில் வேப்பிலை இருக்கும், உள்ளே இருப்பது ஒரே ரத்தம்.

இரண்டு பேருக்கும் பொத்தேரியில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல்கட்டு வேலை. காலை ரயிலில் ஒன்றாகப் போவார்கள். ஜாக்குலின் சும்மா வரமாட்டாள். பூ விற்கிறவள், கம்பெனிக்குப் போகிற பெண் என்று பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இயேசுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவாள். பூங்கொடியிடம் மட்டும் சொன்னதில்லை. சொந்தம், பக்கத்து வீடு, மனஸ்தாபம் வந்துவிடுமோ என்று பயம்.

அப்போதுதான் பூங்கொடியின் புருஷன் ஆனந்தனுக்குக் கிட்னி இரண்டும் கெட்டுப்போனது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். ஜாக்குலின் என்னிடம் வந்து அழுதாள்.

"முன்ன பின்ன தெரியாதவளுக்கெல்லாம் சொல்றேன் அத்தே. எங்கக்கா ஒண்டியா பயந்துகினு கீறா. அவளுக்குச் சொல்லலியே!"

"சொல்லித் தொலையேன், யார் தடுத்தது?" என்றேன்.

மறுநாள் விடுதியில் கோஸ் நறுக்கும்போது கேட்டேவிட்டாள். "அக்கா, வூட்டுக்கு வந்து மாமாவுக்காக ஜெபம் பண்ணட்டா? ஏசப்பாவப் பத்தி உங்கிட்ட கொஞ்சம் பேசணும்."

பூங்கொடி கத்தியைக் கீழே வைத்தாள். "வருஷா வருஷம் ஆடிக்கு நான் குடுக்குற கூழ இன்னா பண்ற?"

ஜாக்குலின் அடுத்த கோஸை எடுத்தாள்.

அம்மனுக்குப் படைத்ததைத் தொடக்கூடாது என்பது எங்கள் சபையில் கண்டிப்பு. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னால் கொடுப்பவர்கள் மனசு நோகும். அதனால் சிரித்துக்கொண்டே சொம்பை வாங்கிவருவது, பின்பக்கம் முருங்கை மரத்தடியில் ஊற்றுவது, கழுவித் திருப்பிக் கொடுப்பது. எங்கள் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. நடுவில் இருப்பது ஒரு ஓலைவேலி, தெரியாமல் இருக்குமா?

"மரத்துக்கு ஊத்துற. எனக்குத் தெரியும்டி. கிறிஸ்மஸ்க்கு நீ குடுக்குற கேக்க நான் துன்னுகினுதான் கீறேன். எங்க கூழு உன் தொண்டையில எறங்காது, உன் ஜெபம் மட்டும் எங்க வூட்டுக்குள்ள வரணுமா? போடி!"

இந்த வருஷம் ஆடியில் கூழ் வார்த்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஜாக்குலின் வீட்டுக்குப் போகவில்லை. வேதாகமப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக அம்மன் கோயில் பந்தலுக்கு வந்தாள். அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தவர் ஆனந்தனின் அண்ணன் திருவேங்கடம்.

"இன்னா மச்சினி, வழி தப்பி வந்துட்டியா? உங்க சாமி கோச்சிக்கப் போறாரு!"

"எங்க சாமிய நான் பாத்துக்கிறேன் மாமா. நீ ஊத்து."

"அப்ப நெத்தியக் காட்டு, துன்னூறு வெக்கிறேன்."

"அது வேணாம். நான் கும்பிட வரல. எங்கக்கா காய்ச்சுன கூழக் குடிக்க வந்தேன். கருவாட்டுக் கொழம்பு எங்க?"

பந்தலே சிரித்தது. தெருவே பார்க்க நின்றுகொண்டு சொம்பு நிறையக் குடித்தாள், மறுபடி நீட்டினாள். பூங்கொடி சிரிக்கவில்லை. குழம்புக் கிண்ணத்தை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பொழுது சாய்கிற நேரம் ஜாக்குலின் பூங்கொடி வீட்டுக்குள் போனாள். யாரும் தடுக்கவில்லை. ஆனந்தன் கட்டிலில் படுத்தபடி கேட்டான்: "உங்க ஏசு செத்தவன எழுப்புனாரு சரி. என்ன மாதிரி ஒண்ணுக்கு வராதவனுக்கு எதுனா பண்ணாரா?"

"தெரியல மாமா. கேட்டுப் பாக்கலாம், அவரு கோச்சிக்க மாட்டாரு." முழங்கால் போட்டு ஜெபித்தாள். தனக்கு இயேசு யார் என்று சொன்னாள். பூங்கொடி கைகூப்பவில்லை, எழுந்து போகவும் இல்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் சபை மூப்பர் ஸ்டான்லி எல்லார் முன்னாலும் ஜாக்குலினை நிறுத்தினார். "விக்கிரகத்துக்குப் படைச்சதத் துன்னுட்டு கர்த்தரோட பந்தியிலயும் கை நீட்டுவியா? சபை முன்னாடி மன்னிப்பு கேளு."

"வருஷா வருஷம் வாங்கிக் கொட்டிட்டு, நல்லா இருந்துச்சு அக்கான்னு பொய் சொன்னேனே அய்யா, அதுக்கு நூறு தபா கேக்குறேன். குடிச்சதுக்குக் கேக்க மாட்டேன்."

ஸ்டான்லி குரலைத் தணித்தார். "சரி, அந்தக் குடும்பம் ஞானஸ்நானத்துக்கு வரும்னா சொல்லு. பாஸ்டர்கிட்ட பேசி முடிச்சு வுடுறேன்."

"வந்தா வரட்டும். வரலன்னாலும் நான் போவேன். ஆள் சேக்கறதுக்கு நான் அங்க போவல அய்யா. அது எங்கக்கா வூடு."

அன்றோடு திருவிருந்து நின்றது. அவள் ஆராதனைக்கு வராமல் இருக்கவில்லை. முன்வரிசையில், ஸ்டான்லி கண்ணுக்கு நேரேதான் உட்காருகிறாள். பாட்டும் முன்னைவிடச் சத்தமாகத்தான் பாடுகிறாள். தட்டு தாண்டிப் போகும்போது தலைகுனிவதில்லை. ஏன் குனியவேண்டும்? எங்கள் வம்சத்தில் அவளைப்போல நெஞ்சோடு ஊழியம் செய்தவள் யார், சொல்லட்டும்.

போன வாரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பூங்கொடி கூப்பிட்டாள். "என்னால உன்னத் தள்ளி வெச்சிட்டாங்களாமே?"

"தள்ளுறவங்க தள்ளட்டும். நான் நவுரல."

"இங்க எங்க மூத்தாரு, அன்னிக்கு உனக்குக் கூழு ஊத்துனாரே, அவரும் கத்துறாரு. கூழு குடிச்சா குடிச்சிட்டுப் போவட்டும், ஜெபம் கிபம்னு உள்ள சேக்காதன்றாரு."

"நீ இன்னா சொன்ன?"

"யார சேக்கணும்னு எனக்குத் தெரியும், உன் வேலயப் பாருன்னேன்." பூங்கொடி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வந்து உக்காரு. உங்க ஏசு கண்ணுல சேறு பூசுனாரே, அந்தக் குருடன் கதைய பாதியில வுட்டுட்டுப் போயிட்டியாம். அப்புறம் கண்ணு தெரிஞ்சுதா இல்லியான்னு அவரு கேட்டுகினே கீறாரு."

"மாமாவா கேட்டாரு?"

"நானுந்தான்டி கேக்குறேன்."