மொட்டை மாடியிலிருந்து அப்பா சொன்ன எண்கள்

எனக்கு மூளை கொஞ்சம் கம்மி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் அவமானம். வயர் இல்லாமல் இன்டர்நெட் கொடுக்கும் சின்னத் தொழில் என்னுடையது. ஒரு மாடியில் கம்பம், கம்பத்தில் டிஷ். தூரத்து மாடியில் இன்னொரு கம்பம், இன்னொரு டிஷ். இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் நெட் வரும், அவ்வளவுதான் வித்தை. என் முதல் டிஷ்ஷை அரை நாள் பாடுபட்டு, பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, சிக்னல் வரவில்லை என்று டிஷ் விற்றவனைத் திட்டினேன். ஆனால் அது சின்ன முட்டாள்தனம். இதே டிஷ்ஷை வைத்து என் அப்பாவையும் தங்கையையும் பேச வைத்துவிடலாம் என்று நினைத்தேனே, அது பெரிய முட்டாள்தனம்.

எங்கள் வீடு திருப்போரூரில், கோயிலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு நாங்கள் மூன்று பேர்தான். தங்கை ஒருநாள் திருவிடந்தைக் கடலோரத்துப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றாள். மீன்பிடிக் குடும்பம். அப்பா கத்தவில்லை, எதையும் தூக்கிப் போட்டு உடைக்கவில்லை. மறுவாரம் யாரோ விசாரித்தபோது, "எனக்கு ஒரே பையன்தான்" என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா, கழித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் பேரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. மிச்சமிருந்தது நான். மிச்சம் என்று யாரையாவது வைத்துக்கொண்டால் இப்படிப்பட்டவன்தான் கிடைப்பான்.

எங்கள் மாடியில் நின்று கிழக்கே பார்த்தால் கழிவெளியின் உப்புத் தண்ணீர் பளபளக்கும். அதைத் தாண்டிச் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். தங்கை வீடு அந்தச் சவுக்குத் தோப்பு முடிகிற ஓரத்தில். டிஷ்ஷுக்கு அந்தத் தூரம் ஒரு தூரமே இல்லை.

கடலோரத்தில் சில விருந்தினர் விடுதிகள் நெட் கேட்டன. அந்தப் பக்கம் கம்பம் நட ஒரு மாடி வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாடிகளுக்கா பஞ்சம்? நான் தங்கை வீட்டு மாடியைப் பிடித்தேன். அப்பாவிடம் "ஒரு கஸ்டமர் வீடு" என்றேன்.

கம்பம் தூக்க வந்த தங்கை வீட்டுக்காரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"இன்னா மச்சான், ரெண்டு காக்கா ஒக்காந்தா சாஞ்சிடும் போலகீது?"

"நாலு பக்கமும் கம்பி கட்டியிருக்கேன் மாப்ள."

"உங்க ஊரு காத்துக்கு இது போதும். எங்க ஊரு காத்து ஆடி மாசம் உன்னையே தூக்கிகினு போயிரும். நவுரு."

படகுக் கயிறு கொண்டுவந்து இன்னும் இரண்டு பக்கம் இழுத்துக் கட்டினான். பிறகு யாரோ கரையிலிருந்து கூப்பிட, "படகு வந்துகினு கீது, நீ உன் வித்தையக் காட்டு" என்று இறங்கிப் போய்விட்டான். மாடியில் நான், தங்கை, அவள் இடுப்பைப் பிடித்துத் தொங்கிய குழந்தை. பெண் குழந்தை. அப்பாவுக்கு அப்படி ஒரு ஜீவன் இருப்பதே தெரியாது.

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியம். டிஷ்ஷைத் திருப்பும்போது சிக்னல் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மைனஸில் ஒரு எண் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. எதிர்ப்பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து எண்ணைச் சொல்வது பழைய வழக்கம். இப்போது வரும் டிஷ்ஷுக்கு ஆளே வேண்டாம், அந்த எண் என் ஃபோனிலேயே தெரியும். அப்பாவுக்கு இது தெரியாது. என்னுடன் இருந்த ஆள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்பது மட்டும் தெரியும். அதனால் அன்று காலை அவரை எங்கள் மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு லேப்டாப்பின் முன் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"மைனஸ் எழுபது வந்தா பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டார்.

"ஃபெயில்பா. அறுபதுக்குள்ள வந்தா பாஸ்."

"அப்படியே உன் மார்க் ஷீட்டு."

அங்கே காற்று அதிகம், ஃபோனை அந்த வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அவரிடம் எண்ணைச் சொன்னால் போதும் என்றேன். சரி என்றார். தங்கையிடம், எதிர்ப்பக்கம் ஒரு ஆள் எண் சொல்வான், கேட்டு எனக்குச் சொல் என்றேன். இரண்டு பேரிடமும் ஒரே வெள்ளந்தி முகத்தோடு பொய் சொன்னேன். அந்த ஒரு பாடத்தில் எனக்கு எப்போதும் நூற்றுக்கு நூறு.

ஏணியில் ஏறிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, அப்பா எண்ணுக்குப் போட்டு, ஃபோனைக் கீழே நீட்டினேன். அவள் வாங்கிக் காதில் வைத்து "அலோ" என்றாள்.



"என்ன வருது?" என்றேன்.

அவள் ஃபோனைக் காதில் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரொம்ப அக்கறையாகக் கடலைப் பார்த்தேன்.

"அண்ணா..."

"அப்புறம் திட்டு. எத்தனை?"

"எண்பத்தி ஒண்ணு" என்றாள். உதடுதான் அசைந்தது.

திருப்பினேன். அவள் ஃபோனில் கேட்டாள்: "இப்ப இன்னா வருதுங்க?"

"எழுபத்தாறுங்கம்மா" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்துப் பேச்செல்லாம் அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். சோற்றில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒருவரையொருவர் பிய்த்துக்கொள்ளும் அப்பாவும் பெண்ணும், ஒருவருக்கொருவர் 'ங்க' போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏணிமேல் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு மட்டும்தான் என்று சொல்லமாட்டேன்.

எழுபத்தி மூணு. எழுபத்தி ஒண்ணு. மறுபடி எழுபத்தி நாலு. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிவிட்டது, சிமெண்ட் தளம் தகித்தது. குழந்தை ஒற்றைக் காலில் நின்று, காலை மாற்றி நின்று, கடைசியில் வாய்விட்டு அழுதது.

"ம்மா, காலு சுடுது."

அதற்குப் பிறகு எண் வரவில்லை.

"என்னாச்சு, லைன் கட்டா?"

தலையை ஆட்டினாள். "இல்ல. இருக்காரு."

நான் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் ஏணியின் அடியில் விழுந்த துளி நிழலில் வந்து ஒண்டினாள்.

"என்ன சொன்னாரு?"

"குழந்தைய வெயில்ல வெச்சுக்காதன்னாரு."

'ங்க' போயிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் கீழே பார்க்கவில்லை. ஸ்பேனர் கையில் வழுக்கியது. மறுபடி திருப்பினேன். "அம்பத்தி ஒன்பது" என்றாள். பாஸ். உடனே போல்ட்டை இறுக்கிவிட்டு இறங்குவது வழக்கம். நான் ஒரு விரல் அகலம் தள்ளிவிட்டேன்.

"போச்சு, காத்து" என்றேன்.

"எழுபதாம்."

மறுபடி கொண்டுவந்தேன், மறுபடி தள்ளினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. என் கை செய்யும் திருட்டு அவளுக்குத் தெரியும். அவள் கூப்பிட்டுக் கேட்க, அவர் பொறுமையாகச் சொல்ல, அவள் எனக்குச் சொல்ல, எண்களாகவே போனது. வேறு ஒரு வார்த்தை இல்லை. குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது. அதற்கு மேல் அவளால் ஒரு கையில் ஃபோனும் ஒரு கையில் பிள்ளையுமாக நிற்க முடியவில்லை என்று தெரிந்தபோது போல்ட்டை இறுக்கினேன். திரும்பி வாங்கியபோது ஃபோன் ஈரமாக இருந்தது. வியர்வை என்றாள். அந்த வெயிலுக்கு வியர்வையாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பை மூடி, வயரைச் சுருட்டி, மேஜைமேல் வைத்திருந்தார் அப்பா. வெண்டைக்காய் எந்தக் கடையில் வாங்கினேன் என்பதைக்கூடத் துருவித் துருவிக் கேட்கிறவர், அந்த வீடு யாருடையது என்று கேட்கவில்லை. "நீங்க பாஸ் போட்டுட்டீங்கப்பா" என்றேன். ரசம் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். கேட்காமலிருப்பது நல்ல சகுனம் என்று என் மூளை கணக்குப் போட்டது. அதன் கணக்கு எப்போது சரியாக வந்திருக்கிறது?

பிறகு தங்கையிடமிருந்து புகார்கள் வர ஆரம்பித்தன.

"அண்ணா, நெட்டு சரியில்லண்ணா."

வீட்டிலிருந்தே பார்த்தேன். ஐம்பத்தி ஒன்பதில் ஆணியடித்த மாதிரி நின்றது. "நல்லாத்தானே இருக்கு?"

"ஸ்லோவா கீது. கம்பம் ஆடுதுண்ணா. வந்து பாரேன்."

போன வாரம் நல்லாயிருந்தது என்பாள், இன்று ஆடுகிறது என்பாள். படகுக் கயிறு போட்டுக் கட்டிய கம்பம் எங்கே ஆடும்? எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அப்பா குரலைக் கேட்கணும் என்று அவள் வாயைத் திறந்து கேட்கமாட்டாள். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அதனால் கஸ்டமராகப் புகார் கொடுக்கிறாள். இந்தத் தொழிலுக்கு வந்து ஒரு புகாருக்காக நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். லேப்டாப் மேஜைமேல்தான் இருந்தது.

தங்கை வீட்டு மாடிக்கு ஏறினேன். ஒரு மூலையில், படகுக்குப் போடும் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிப் பந்தல் மாதிரி செய்திருந்தாள். அதன் கீழே பாய், தண்ணீர்ப் பாட்டில், ஒரு தட்டில் பிஸ்கட். குழந்தைக்குத் தலைவாரி, பூ வைத்து, பொட்டு வைத்து, காலில் செருப்பும் போட்டு உட்கார வைத்திருந்தாள். ஃபோனில் பொட்டு தெரியாது என்று வாய்வரை வந்தது. என் ஜென்மத்தில் நான் விழுங்கிய ஒரே ஜோக் அது.

"தாத்தாகிட்ட ஒண்ணு ரெண்டு சொல்லுவா" என்றாள். "பத்து வரைக்கும் தெரியும். ஏழு மட்டும் வுட்டுடுவா."

"திருத்துவாரு" என்றேன்.

"திருத்தட்டும்."

ஏணியில் ஏறினேன். அருமையாக இறுக்கி வைத்திருந்த போல்ட்டைத் தளர்த்தி, டிஷ்ஷை வேண்டுமென்றே சவுக்குத் தோப்பின் பக்கம் திருப்பிவிட்டேன். அத்தனை விடுதிக்காரர்களும் அந்த நிமிஷம் என்னைச் சபித்திருப்பார்கள். அப்பாவுக்குப் போட்டேன். எடுத்தார்.

"அப்பா, அந்தத் திருவிடந்தை வீட்டு சிக்னல் போச்சுப்பா. லேப்டாப்பை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்சம் நம்பர் சொல்றீங்களா? அன்னிக்கு மாதிரியே, வீட்டுக்காரம்மாகிட்ட ஃபோனைக் கொடுத்துடறேன்."

தங்கை பந்தலிலிருந்து எழுந்து வந்து, ஏணிக்கடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்பா பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது. பேப்பரில் ஒரு பக்கம் புரண்டது.

"அதுக்கு ஒரு ஆளைப் போட்டுக்கோ."