சாபத்துக்கு நட்சத்திரம்

சாமி முன்னால் செய்த காரியம் என்பதால் இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன்.

நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் மல்லிகைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்குக் கை நடுக்கம் வந்தபோது, ஒரு டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார். ஒல்லியான மனிதர். ஊசி குத்திய இடத்தில், பிள்ளைக்கு ஊதுவதுபோல் ஊதிவிடுவார். "எந்தப் பூச்சிமருந்தால வருதுன்னு கண்டுபிடிச்சு எழுதுறேன்" என்றார். எழுதவில்லை. நாங்கள் அதே மருந்தை அடித்தோம். பூப்பறித்த என் மனைவி போய்ச் சேர்ந்தாள். அவரோ அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்குத் தலைவரானார்.

காந்திகிராமத்தில் ஒரு விழாவுக்கு வந்தவரை வாசலில் மறித்தேன்.

"ஏன்யா எழுதல? என் பொண்டாட்டி செத்துட்டாய்யா!"

"கண்டுபிடிச்சேன். மேலிடத்துல வெளிய சொல்லாதன்னாங்க. சொல்லியிருந்தா இந்தப் பதவி கிடைச்சிருக்காது."

"உன் பேரைச் சொல்லி கருப்பசாமி கோயில்ல காசு வெட்டிப் போடுறேன். நாசமாப் போயிருவ!"

காவலர் என்னைத் தள்ளினார். டாக்டர் அவரைத் தடுத்துவிட்டு என்னிடம், "பேரு மட்டும் போதாதுண்ணே. நட்சத்திரம் கேட்டை" என்றார்.

அன்றைக்கே கோயிலுக்குப் போய், பேர், நட்சத்திரம் இரண்டையும் சொல்லிச் சாபக் காசை வெட்டிப் போட்டேன். இன்றுவரை மனம் இரங்கவில்லை. ஆனால் சபிக்கிறவனுக்கே நட்சத்திரம் எடுத்துக் கொடுத்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது அந்தக் கருப்பனுக்குத்தான் வெளிச்சம்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் அவரையும் நல்லவராக்க வேண்டாம், என்னையும் நல்லவனாக்க வேண்டாம். நடந்தபடியே சொல்லுங்கள்.