புது மேனிஃபோல்டும் என் வாயும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனுக்கு வேறு எதிரி தேவையில்லை. என்னுடையதில் இரண்டே சீட்டு. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். பத்தாங் பெர்ஜுந்தாய் வீட்டிலிருந்து கோல சிலாங்கூர் கோயிலுக்கு அந்தக் காரில்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். நான் ஓட்ட, அவள் பக்கத்தில். மூன்றாவது ஆளுக்கு இடமே கிடையாது. கட்டிக் கொடுப்பதற்கு முன் அந்த அரை மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் எஞ்சின் புகையை வாங்கி வெளியே தள்ளும் மேனிஃபோல்டில் விரிசல். வெளிநாட்டில் சொல்லி வைத்த புதியது வந்து சேர்ந்ததோ கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால். விளங்குமா?

எங்கள் வீட்டில் மின்விசிறி வந்தாலும் சரி, தண்ணீர் பம்பு வந்தாலும் சரி, முதலில் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைத்துவிடுவோம். மேனிஃபோல்டுக்கும் வைத்தேன். மறுநாள் காலை மச்சானைக் கூப்பிட்டு மாட்டினோம். மச்சான் என் மனைவியின் அண்ணன், எஸ்டேட்டில் டிராக்டர் பழுது பார்ப்பவர்.

எஞ்சினை முடுக்கினால் டப் டப் என்று சத்தம். இணைப்பு வழியாகப் புகை கசிந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"நட்ட முறுக்கச் சொன்னா தடவிக் குடுத்தீங்களா, மச்சான்?"

அவர் இன்னொரு முறை இறுக்கினார். அப்போதும் அதே சத்தம்.

"கழட்டிப் பாத்துடலாம், மாப்ள."

"டிராக்டர் பாக்குற கைக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது!"

கதவருகே காப்பியோடு நின்ற மகளின் முகம் மாறியது. பார்த்தேன், ஆனாலும் வாய் நிற்கவில்லை. மச்சான் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, தானே கழற்றினார்.

"இங்க பாருங்க லா, மாப்ள."

எஞ்சினோடு ஒட்ட வேண்டிய வழவழப்பான முகத்தில் ஐம்பது காசு அளவுக்குச் சந்தனம், கசியாமலிருக்க இடையில் வைக்கும் கேஸ்கட் தகட்டுக்கு அடியில் கருகிப் பொரிந்து கிடந்தது. தட்டையாக, சுத்தமாக இருந்த இடம் அதுதான் என்று நானே பார்த்துப் பார்த்து வைத்த பொட்டு.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்.

மச்சான் சிரிக்கவில்லை. சுரண்டித் துடைத்து, மிச்சமிருந்த இன்னொரு கேஸ்கட்டைப் போட்டு மாட்டினார். எஞ்சின் சீராக ஓடியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "சாப்டுட்டுப் போங்க" என்பதுதான் வந்தது. சே, என்ன மனுஷன் நான்!

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டுச்சேலையோடு வந்த மகள் என் கையிலிருந்த சாவியை வாங்கி மச்சானிடம் நீட்டினாள்.

"நீங்க ஓட்டுங்க மாமா. அப்பா வேன்ல வரட்டும்."

சீர்த்தட்டுகளோடு பின்னால் வேனில் உட்கார்ந்து, கோயில் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டே போனேன். ஒரு டப் சத்தமாவது கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கேட்கவே இல்லை.