மினிமம் இல்லாத கார்டு

கார்டு டெஸ்க்குல வேலை பார்க்கறவளுக்குக் கல்யாணப் பந்தியில கூட நிம்மதி கிடையாது, ரசம் வர்றதுக்குள்ள பக்கத்து இலைக்காரர் பர்ஸைத் திறந்து, "இதுல ஏன் வட்டி போட்டிருக்கான்?"னு கேட்டுடுவார். பாங்குல முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனேன். சும்மா உட்கார்ந்தா முட்டி பிடிச்சுக்கும்னு தி.நகர் கிளையில ஒப்பந்தத்துல இன்னும் நாலு வருஷம் கார்டு டெஸ்க்குல உட்கார்ந்தேன். முட்டி எப்படியும் பிடிச்சுக்கிச்சு. மாசா மாசம் பில் மெசேஜைப் பார்த்துட்டு போனைக் கவுத்து வைக்கற கூட்டந்தானே நீங்களும், உங்ககிட்ட சொல்றதுல என்ன வெட்கம்.

ஒயர் எங்க?

அப்பதான் எங்க பாங்குல சார்ஜ் கார்டு புதுசா வந்துச்சு. கிரெடிட் கார்டு உங்களுக்குத் தெரிஞ்சதுதான். இவ்வளவு வரைக்கும் தேய்க்கலாம்னு ஒரு லிமிட் இருக்கும். பில் வந்தா முழுசா கட்டலாம், முடியலன்னா மினிமம்னு ஒரு சின்னத் தொகையைக் கட்டிட்டு மீதியை வட்டியோட இழுத்துக்கிட்டே போகலாம். சார்ஜ் கார்டுல லிமிட்னு முன்கூட்டி எழுதி வைக்கறதில்ல, இழுக்கறதுக்கு வழியும் இல்ல. பில் வந்தா முழுசையும் கட்டியே ஆகணும். இதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லுவேன். வீட்டுக்கு வந்தா, தூக்கத்துல கூட இதையே சொல்றேன்னு எங்க வீட்டுக்காரர் தலகாணியை எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டார்.

அபிராமபுரத்துலேர்ந்து ஒரு பெரியவர், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், கையில புதுக் கார்டு வந்த கவரோட வந்தார். எங்க சித்தப்பாவும் கணக்கு வாத்தியார்தான், தக்காளியை எடை போட விடமாட்டார், எண்ணித்தான் வாங்குவார், அது தனிக் கதை. இவர் நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினார். "புரிஞ்சுதா சார்?"னேன். "நன்னா புரிஞ்சுது"ன்னார். அப்புறம் கவரைக் கவுத்துத் தட்டினார், உள்ள விரலை விட்டுத் துழாவினார். "எல்லாம் சரிம்மா, சார்ஜ் எறங்கிப்போச்சுன்னா எதுல சொருகறது? ஒயரே வைக்கலியே."

பேர் கெடலை

மயிலாப்பூர்ல ஒரு வயலின் டீச்சர். அந்தம்மா வீட்டுத் தெருவுல ஒரு காலத்துல நல்ல பில்டர் காபி கிடைச்சுது, இப்ப அங்க செல்போன் கடை. டீச்சர் பொண்ணு கல்யாணத்துக்குக் கிரெடிட் கார்டுல பட்டுப்புடவை எடுத்தாங்க. அதுலேர்ந்து ஆறு வருஷமா மினிமம் மட்டும் கட்டிக்கிட்டிருந்தாங்க. பொண்ணுக்குக் குழந்தை பொறந்து பள்ளிக்கூடம் போகுது, புடவைக்கடன் அப்படியே உட்கார்ந்திருக்கு. கட்டின வட்டியில இன்னொரு கல்யாணத்துக்கே புடவை எடுத்திருக்கலாம்.

எனக்கு மனசு தாங்கல. அவங்க கிரெடிட் ஸ்கோரை எடுத்துப் பார்த்தேன். ஸ்கோர்ங்கறது நம்ம மேல போடற மார்க்கு. தேதிக்குக் கட்டறாளா, லிமிட்ல எவ்வளவு தின்னு வச்சிருக்கா, எத்தனை வருஷப் பழக்கம், இதெல்லாம் பார்த்து முன்னூறுலேர்ந்து தொள்ளாயிரத்துக்குள்ள போடுவாங்க. டீச்சருக்கு லிமிட்டைத் தின்னதால கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சே தவிர, ஒரு தடவை கூட தாமதம்னு கறை இல்ல. மினிமம் கட்டினாலும் அது தேதிக்குக் கட்டின கணக்குதான். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுண்டு அந்த நம்பரைப் பார்த்தாங்க. "வட்டி போனா போறது போங்கோ. பேர் கெடலையோன்னோ, அது போறும்."

மூணு வேன்

கௌரிக்கு நாப்பது வயசு இருக்கும். கோட்டூர்புரத்துல வாடகை வீடு. புருஷன் போன பிறகு அவர் ஓட்டின ஒத்தை வேனை மூணாக்கி, கிண்டி கம்பெனி ஒண்ணுக்கு ஆள் ஏத்தி இறக்கற வேலை. ஒரு வேனை அவளே ஓட்டுவா. டீசல் எல்லாம் கிரெடிட் கார்டுல. லிமிட் பத்தலன்னு என்கிட்ட வந்தா.

வந்த வேலையை விட்டுட்டு வீட்டைப் பத்தித்தான் பேசினா. ஹவுஸ் ஓனர் அந்தக் கீழ்ப் போர்ஷனை அவளுக்கே விக்கறேன்னு சொல்லிட்டார், தை மாசத்துக்குள்ள லோன் வாங்கிக்கிட்டு வரணும். அவளுக்கு ஒம்பது வயசா இருக்கும்போது ஆத்தங்கரையில இருந்த அவங்க வீட்டை இடிச்சு, குடும்பத்தையே ஊருக்கு வெளிய கொண்டு போய்ப் போட்டிருக்காங்க. "ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாத்தி வந்துகினு இருந்தேன் மேடம். கல்யாணம் கட்டிகினு திரும்ப இங்கியே வந்து குந்திட்டேன். இந்த வீடு மட்டும் என் பேர்ல ஏறட்டும், அப்பாலிக்கு எவன் வந்து எழுப்புறான்னு பாக்கறேன்."

கத்திரிக்கோல்

உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. அந்த மாசம் எனக்கு சார்ஜ் கார்டு டார்கெட்ல ரெண்டு குறைஞ்சுது. டீசலுக்கு லிமிட் இல்லாத கார்டு பொருத்தம்தான், அதுவும் பொய்யில்ல. "லிமிட் தொல்லை இல்ல, வட்டித் தொல்லை இல்ல, ஆனா மாசா மாசம் ஃபுல்லா கட்டணும் கௌரி"ன்னேன். "கட்டிட்டா போச்சு"ன்னா. பழைய கிரெடிட் கார்டுக்கு வருஷ ஃபீஸ் தண்டம், மூடிடட்டுமான்னு கேட்டா. நானும் மூடிடுன்னு சொல்லிட்டேன்.

மூடற கார்டை கஸ்டமர் கண் முன்னாலயே வெட்டிக் காட்டறது எங்க வழக்கம். அந்தக் கத்திரிக்கோல் ஒரு கதை, கேன்டீன்காரர் பால் பாக்கெட் வெட்ட எடுத்துக்கிட்டுப் போயிடுவார், கார்டெல்லாம் பால் வாசனை அடிக்கும். ஒம்பது வருஷம், ஒரு நாள் தாமதம் இல்லாத கார்டு. குறுக்கால வெட்டினேன். அவ ரெண்டு துண்டையும் பார்த்துட்டு, "நல்லா ஒழைச்ச கார்டு மேடம், கோணலா வெட்டிட்டீங்களே"ன்னா.

முப்பத்தெட்டு நாள்

ஐப்பசியில கிண்டி கம்பெனி பணத்தை இழுத்தடிச்சுது. கௌரி பதறல. பழைய கார்டுல இந்த மாதிரி சமயத்துல என்ன செய்வாளோ அதையே செஞ்சா. பில்லுல அஞ்சு பர்சென்ட் கணக்குப் போட்டு, மினிமம்னு கட்டிட்டா. மினிமமே இல்லாத கார்டுக்கு. மீதி முழுசும் பாக்கின்னு ஓட ஆரம்பிச்சுது. பாங்குலேர்ந்து மெசேஜ் மேல மெசேஜ் வந்திருக்கு. வேன் ஓட்டறவ, வழக்கமா லோன் வேணுமான்னு கேக்கற மெசேஜ்தானேன்னு தள்ளி விட்டிருக்கா. பங்க்குல கார்டு ஓடாம நின்னப்பதான் விஷயம் தெரிஞ்சுது. கம்பெனிப் பணம் வந்த அன்னிக்கே முழுசையும் கட்டிட்டா. அதுக்குள்ள முப்பத்தெட்டு நாள் ஆயிடுச்சு, ஸ்கோர் போடறவங்க ரிப்போர்ட்டுக்கும் போயிடுச்சு.

வீட்டு லோன் கேட்ட இடத்துல அவ ரிப்போர்ட்டை எடுத்தாங்க. ஒம்பது வருஷ நல்ல பேர் 'மூடிய கணக்கு'ன்னு ஒரு ஓரத்துல கிடக்கு. நடக்கற கணக்கு ஒண்ணே ஒண்ணு, அதுல புதுசா ஒரு கறை. ஒரு வருஷம் ஒழுங்கா கட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. நான் எங்க மேனேஜர் கிட்ட ஓடினேன், கையில அவ ஸ்டேட்மென்ட். தாமதம் நிஜமா நடந்திருக்கு, நடந்ததை எப்படிம்மா அழிக்கறதுன்னார். ஸ்டேட்மென்ட்டை மடிச்சு எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன்.

வெளிய கௌரி உட்கார்ந்திருந்தா. பழைய கார்டு இருந்திருந்தா இந்த அஞ்சு பர்சென்ட்டே போதும், பேர் தப்பிச்சிருக்கும்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு. "ஃபுல்லா கட்டணும்னு அன்னிக்கே சொன்னேனே கௌரி"ன்னு மெதுவா சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம். "சொன்னீங்க மேடம். பாங்குல குந்திகினு கீறவங்க எல்லாருமே அதைத்தான் சொல்றாங்க, புத்தி சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன். சட்டம்னு தெரியல."

வண்டலூர் தாண்டி

ஹவுஸ் ஓனர் நல்ல மனுஷர்தான். பங்குனி வரைக்கும் காத்திருந்தார். அவருக்கும் பொண்ணு கல்யாணம், வேற ஆளுக்கு வித்துட்டார். கௌரி சாமானை அவ வேன்லயே ஏத்தினாளாம், மூணு நடை. வண்டலூர் தாண்டி வாடகைக்குப் போயிட்டா. விடியக்காலம் நாலு மணிக்கு வண்டியை எடுத்தாத்தான் கிண்டிக்கு ஆள் ஏத்த முடியும். அவ பொண்ணு அம்மா மாதிரியே ரெண்டு பஸ் மாத்தி ஸ்கூலுக்கு வருதாம்.

ஒப்பந்தம் முடிஞ்சு நான் கிளம்பற வாரம், எனக்கே ஆறாம அவ ஸ்கோரைப் பார்த்தேன். ஏறியிருந்துச்சு, வயலின் டீச்சரோடதை விட ஜாஸ்தி. சந்தோஷமான சேதின்னு போன் போட்டேன். எனக்கு இன்னமும் இந்த அவசரபுத்தி போகல, மருமக கூட அடிக்கடி சொல்லுவா. அந்தப் பக்கம் ஹாரன் சத்தம், ரோட்டோரமா நிறுத்தறா போல. "மார்க்கு ஏறிக்கிச்சு, சரி மேடம். வீடு எங்க கீது?"

கார்டு டெஸ்க்குல நாலு வருஷத்துல நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்: கஸ்டமர் "புரிஞ்சுது"ன்னு சொன்னா, அங்கேர்ந்துதான் முதல்லேர்ந்து சொல்ல ஆரம்பிக்கணும்.