குடிக்காதவனின் தள்ளாட்டம்

முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினேன். அடுத்த கணம் கிணற்றடிக் கல்லில் விழுந்து கிடந்தேன். யாரும் தள்ளவில்லை, வழுக்கவும் இல்லை. நிற்பதற்குக் கண் வேண்டும் என்று அன்றுவரை நான் யோசித்ததே கிடையாது.

அறுபதுகளின் பிற்பாதி அது. எனக்குக் காசநோய் (ஊரில் சயம் என்பார்கள்). மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து) அருப்புக்கோட்டையில் போட்டுக்கொள்ள அம்மா விடவில்லை. அப்பா இல்லாத வீடு. தங்கை கல்யாணத்துக்கு நின்றாள். அண்ணனுக்குச் சயம் என்று பேச்சு கிளம்பினால் ஒருவரும் பெண் கேட்டு வரமாட்டார்கள். ஆகவே எங்கள் புண்ணாக்குக் கடைக்குச் சரக்கு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தினமும் பஸ் ஏறிக் காரியாபட்டியில் ஒரு கம்பவுண்டரிடம் போட்டுக்கொண்டேன்.

காது இரையத் தொடங்கியதும் அவரிடம் சொன்னேன்.

"சூட்டு உடம்பு. மோரு குடிங்க" என்றார்.

குடித்தேன். இதைப் படிப்பவர்களில் யாராவது இந்த ஊசியில் இருந்தால், காது இரைந்த அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். மோரை நம்பாதீர்கள்.

நான் விழுந்த பிறகுதான் மதுரைக்குப் போனேன். டாக்டர் கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். சாய்ந்தேன். பிடித்துக்கொண்டார்.

"நுரையீரல் தேறிடுச்சு. ஆனா மருந்து காதுக்குள்ள வேலையைக் காட்டிடுச்சு."

"காது நல்லாக் கேக்குதே சார்."

"கேக்குறது ஒரு வேலை. நம்மளை நிக்க வைக்கிறது இன்னொரு வேலை. உங்களுக்கு அதுதான் போச்சு. திரும்பி வராது."

உட்செவியில் (காதின் உள்ளறை) நீர் நிரம்பிய சிறு குழல்கள் உண்டாம். தலை அசைந்தால் அந்த நீர் அசையும். எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று மூளைக்குச் சேதி போகும். எனக்கு அந்தச் சேதி நின்றுவிட்டது. இனிக் கண்ணும் உள்ளங்காலும்தான் துணை. பள்ளிக்கூடத்தில் ஐம்புலன் என்று விரல் மடக்கி எண்ணினார்களே, இதை ஏன் விட்டார்கள்? கண் போனவனுக்கு வழி விடுகிறார்கள். எனக்குப் போனதற்கு ஊரில் ஒரு பெயர்கூட இல்லை.

பகலில் சமாளித்தேன். நடக்கும்போது எதிரே வருபவர் முகம் குலுங்கும். நின்று பார்த்தால்தான் யாரென்று தெரியும். அதனால் தலைக்கனம் பிடித்தவன் என்று பேர் வாங்கினேன். அந்தியில் தள்ளாடினேன். மதுவிலக்கு இருந்த காலம். கள்ளச்சாராயம் குடிக்கிறான் என்று கடைத்தெரு முடிவுகட்டியது.

பரளச்சியிலிருந்து தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். வழியனுப்பப் போன நான், மங்கிய வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் மேலேயே சரிந்தேன்.

"தம்பிக்கு இந்தப் பழக்கமெல்லாம் உண்டோ?" என்றார் அவர்.

நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். "சேர்க்கை சரியில்லைங்க. ஒரு கால்கட்டு போட்டா திருந்திருவான்."

அவர்கள் போனதும் கத்தினேன். "நான் தொட்டதுகூட இல்லையேம்மா!"

"குடிகாரன் வீட்டுல பொண்ணு எடுப்பாக. சயம் வந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டாக. பொறுத்துக்கப்பா."

கல்யாணம் நடந்தது. பந்தியில் தாய்மாமா எல்லார் முன்னாலும் என்னைக் குடிகாரப்பயலே என்று வைதார். எல்லாம் தெரிந்த தங்கை தலை நிமிரவில்லை. குடிகாரன் வீட்டில் பெண் எடுப்பார்கள், குடிகாரனுக்குக் கொடுக்கமாட்டார்கள் என்பதை மட்டும் அம்மா எனக்குச் சொல்லவில்லை. நான் தனியாகவே இருக்கிறேன்.

எழுபதுகளில் மதுக்கடைகள் திறந்தன. பொங்கலுக்குப் பரளச்சி போனால் மாப்பிள்ளை எனக்கென்று ஒரு பாட்டில் வாங்கி வைத்திருப்பார். நல்ல மனிதர். தங்கை அதைக் கொல்லையில் கொட்டிவிட்டுக் காலிப் பாட்டிலை என் பக்கத்தில் வைப்பாள்.

இப்போது என் பொழுது விளக்கு வைக்கும் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. எங்கே இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். போன பொங்கலுக்கு மட்டும் கிளம்பத் தாமதமாகி, பஸ்ஸுக்குப் போகும் வழியில் இருட்டிவிட்டது. கரிசல் காட்டுப் பாதை. தரையும் வானமும் ஒரே கறுப்பு. மண் மெத்தென்று அமுங்கியதில் உள்ளங்காலும் கைவிட்டது. மாப்பிள்ளை என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்குக் கொஞ்சம் கூடப் போயிருச்சோ மச்சான்?"

இல்லை என்று சொன்னால் கையை எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"ஆமா மாப்ள" என்றேன்.