மணல் மேல் வந்த ஆர்கன்

அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். மூன்று லாரிக்குச் சொந்தக்காரராகியும் அவற்றில் ஒன்றைத் தானே ஓட்டியவர் என் அப்பா. வாரம் முழுக்க ரப்பர் மரத்தடியும் செங்கல்லும் ஆற்றுமணலும் ஏற்றி அலைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு சர்ச் பாடகர் குழுவில் நின்று பாடுவார். அப்படி ஒருவருக்கு மகளாகப் பிறந்துவிட்டுப் பெருமை பேசாமல் இருக்க என்னால் முடியாது.

எங்கள் வீடு தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லையோரத்தில், கொல்லயிலில் இருந்தது. காலையில் மூன்று வண்டிகளையும் வரிசையாக ஸ்டார்ட் செய்யச் சொல்லி, அப்பா முற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "ரெண்டாமத்த வண்டிக்கு சுருதி எறங்கியிருக்கு, பம்பு பாக்கணும்" என்பார். டிரைவர்கள் சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். ஊரில் அவருக்குப் பாட்டு மொதலாளி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார், ஆனால் உள்ளுக்குள் பிடிக்கும். எனக்குத் தெரியும்.

அம்மாதான் எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். காலால் மிதித்துக் காற்றடித்து வாசிக்கும் பழைய ஆர்கன் அது, மிஷன் காலத்தது. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அந்த முக்காலி அம்மாவுடையது. வீட்டில் அதிகம் பேசாதவள். அங்கே உட்கார்ந்தால் மட்டும் முதுகு நிமிர்ந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் தனுவச்சபுரத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, சர்ச்சைப் புதுப்பித்துக் கட்டினார்கள். ஆர்கனில் பாதிக் கட்டைகள் ஊமையாகியிருந்ததால் அதை நெய்யாற்றின்கரையில் ஒரு பெரியவரிடம் கொடுத்திருந்தோம். கோயில் பஜனைக்காரர்களின் ஆர்மோனியங்களையெல்லாம் சரிசெய்து கொடுப்பவர். ஆறு மாதம் வைத்திருந்து அத்தனை ரீடுகளையும் ஒவ்வொன்றாகச் செப்பனிட்டார். வேலை முடிந்ததும் அப்பாவிடம் அவர் சொன்னது இதுதான்: "இனி ஒரு நல்ல குலுக்கம் போதும், எல்லாம் போச்சு. பின்ன எனக்க கையில ஒண்ணும் இல்ல."

இது சர்ச் கமிட்டியின் காதுக்கு எட்டியது. சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற வாத்தியார், நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு தீர்மானம் போடுவார். ஆர்கன் முழுசாக வந்து சேராவிட்டால் எலக்ட்ரானிக் கீபோர்டு வாங்குவது, அதை வாசிக்கப் பாறசாலையிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்வது என்று தீர்மானம் போட்டுவிட்டார். அம்மாவும் அதைக் கேள்விப்பட்டாள். இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இல்லை. மூன்றாம் நாள் அப்பா கமிட்டிக்குப் போய், "ஆர்கன நான் கொண்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"ஒரு லாரியைக் கழுவிச் சுத்தமாக, வேறு எதுவும் ஏற்றாமல் கொண்டுபோங்கள்" என்று செயலாளர் எழுதியே கொடுத்தார். புதிய ஆலயத்தில் முதல் ஆராதனைக்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலை, அவரே நெய்யாற்றின்கரையில் வந்து காத்திருந்தார். நானும் அப்பாவோடு வண்டியில் போயிருந்தேன். எங்கள் லாரியைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. பின்பக்கம் நிறைய ஆற்றுமணல்! பெருங்கடவிளையில் வீடு கட்டும் ஒருவருக்குப் போகவேண்டிய லோடு.

"என்ன மொதலாளி இது? கர்த்தருக்க ஆலயத்துச் சாமானம் மணலுக்க மேலயா வரணும்? உமக்கு ஒரு நாள் வாடகையை விட மனசில்லையா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பாவுக்கு ஏறவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து ஸ்பிரிங் பட்டைகளைத் தட்டிக் காட்டினார்.

"சாரே, இந்தப் பட்டையெல்லாம் பாரத்துக்கு உள்ளதாக்கும். வெறும் வண்டி சின்னக் குழியில விழுந்தாலும் துள்ளி எறியும். லோடு இருந்தா அமந்து போவும். நீரு வேணும்னா கார்ல பின்னால வாரும். வண்டி துள்ளினா அங்கயே நிறுத்தும்."

மணலைச் சமப்படுத்தி, தார்ப்பாயை இரட்டையாக விரித்து, அதன்மேல் பலகை அடுக்கி ஆர்கனை ஏற்றினோம். கயிற்று முடிச்சு ஒவ்வொன்றையும் அப்பாவே போட்டார். பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பினார்.

அமரவிளைப் பாலம் தாண்டி உதியன்குளங்கரை வரைக்கும் பரவாயில்லை. அங்கே திரும்பி எங்கள் ஊர்ச்சாலையில் இறங்கினோம். அந்தச் சாலை அப்போது சாலை என்ற பேருக்கு இருந்தது, அவ்வளவுதான். அப்பா முதல் கியரை விட்டு மாற்றவேயில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். அப்பா எப்போதும் லாரியில் பாட்டு போடுவார். அன்று டேப்பை அணைத்திருந்தார். நெற்றியில் வியர்வை ஒழுகியது. "அப்பா, பயமா இருக்கா?" என்று கேட்டேன். "உண்டு மக்கா, நல்ல பயம் உண்டு" என்றார்.

சர்ச் முற்றத்தில் பாதி ஊர் நின்றது. இறக்குவதற்கு ஆட்கள் பலகையோடு ஓடிவந்தார்கள். அப்பா தடுத்தார். "எறக்கும்போ ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பழி எனக்க வண்டிக்க மேல வரும். இஞ்சயே வாசிச்சுப் பாக்கட்டு." பிறகு அம்மாவைப் பார்த்தார்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, டயரில் கால் வைத்து, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா லாரியின் மேல் ஏறினாள். யாரோ நாற்காலி தூக்கிக் கொடுத்தார்கள். உட்கார்ந்தாள். மிதித்தாள். இடது ஓரத்துக் கட்டையை அழுத்தினாள்.

சத்தம் வரவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை. மூன்றாவது. செயலாளர் பெருமூச்சு விட்டார். அம்மா இன்னும் வேகமாக மிதித்தாள்.

"இடப்பக்கத்து குமிழ இழுக்கேல்லியே நீ" என்றார் அப்பா, மெதுவாக.

இருபது வருடம் வாசித்தவள், குமிழை இழுத்தால்தான் காற்றுப் போகும் என்பதையே பதற்றத்தில் மறந்துவிட்டாள். இழுத்தாள். முதல் கட்டை பேசியது. லாரியின் பக்கப் பலகையெல்லாம் அதிர்ந்தது. அங்கிருந்து ஒவ்வொன்றாக வலது ஓரம் வரை போனாள். ஒன்றுகூட ஊமையில்லை. நான் வாய்விட்டு அழுதேன், வெட்கமே இல்லாமல். அம்மா அப்படியே ஒரு கீர்த்தனைக்குள் போய்விட்டாள். முற்றத்தில் நின்றவர்கள் பாடினார்கள், பாதிப்பேர் தமிழிலும் பாதிப்பேர் மலையாளத்திலும், எங்கள் ஊர் வழக்கப்படி ஒரே ராகத்தில்.

பாட்டு முடிந்ததும் செயலாளர், "மொதலாளி, நான் சொன்னத மனசுல வைக்கண்டாம். இனி எறக்குவோமா?" என்றார். மேலேயிருந்து அம்மா சொன்னாள்: "இன்னும் ஒண்ணு வாசிச்சிட்டு எறங்குறேன்."

தனக்கென்று எதையும் கேட்டு நான் அறியாத அம்மா.

டிரைவர் ஒருவர் அப்பாவின் அருகே வந்து, பெருங்கடவிளையில் கொத்தனார்கள் மணலுக்குக் காத்து நிற்கிறார்கள் என்று நினைவூட்டினார். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் எங்களையும் தன்னையும் திட்டித் தீர்க்கிற என் அப்பா, மணல்மேல் உட்கார்ந்திருந்த அம்மாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நிக்கட்டு."