சாம்பல் கல்லின் உள்ளும் புறமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. அதைவிட, எழுதினால் பேச்சியம்மாள் பெயர் வெளியே வருமே என்ற தயக்கம். சமீபத்தில் கோயில் வாசலில் அவளையே பார்த்துக் கேட்டுவிட்டேன். "எழுதுங்க அண்ணாச்சி. சுடல அண்ணன் பேரு தொலங்கட்டும்" என்றாள். நெல்லையப்பரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளில் பேட்டையில் காதர் முதலாளியின் கல் பட்டறையில் நான் சூப்பர்வைசர். சிமெண்டே சேர்க்காமல் கட்டடக் கல் அடித்தோம். அனல் மின் நிலையத்துச் சாம்பலும், இரும்பு உலைக் கசடை அரைத்த பொடியும்தான் சரக்கு. அதில் காஸ்டிக் சோடா கரைசலையும் சிலிகேட் பாகையும் மருந்தாக ஊற்றிப் பிசைய வேண்டும். அச்சிலிருந்து எடுத்ததும் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடிவிட வேண்டும். வெயிலின் சூட்டிலேயே கல் இறுகும். இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தவர் இன்ஜினியரிங் கல்லூரி மேடம் ஒருவர்.

கலவை போடுகிறவர் சுடலைமுத்து. காஸ்டிக் தெறித்துத் தெறித்து இரண்டு கையிலும் தழும்பு. கல்லை அடுக்குவது, மூடுவது எல்லாம் பேச்சியம்மாள். அதற்கு முன் கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவள்.

முதலில் அடித்த கற்கள் நன்றாக வந்தன. பிறகு ஒரு நாள் தார்ப்பாயை விலக்கினால் கல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. விரலால் தேய்த்தால் ஓரம் உதிர்கிறது. அடுத்து அடித்ததும் அப்படியே. முதலாளி கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சுடலையைக் கூப்பிட்டார்.

"என்னலே இது? கல்லா, பொரிகடலையா?"

"நான் அளந்துதான் மொதலாளி ஊத்துதேன்."

"அளந்து எங்கன ஊத்துத? இங்கனயா, சோப்புக் கம்பெனியிலயா?"

எங்கள் தெருவிலேயே ஒரு சோப்புக் கம்பெனி உண்டு. சோப்புக்கும் சிலிகேட் வேண்டும். சுடலை பாதியை அங்கே விற்றுவிட்டுத் தண்ணீரைக் கலக்கிறார் என்று யாரோ முதலாளி காதில் போட்டிருந்தார்கள். சுடலை ரப்பர் கையுறையைக் கழற்றித் தொட்டி மேல் வைத்துவிட்டு வெளியே போனார். அப்போது அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதே பேட்டைக்காரர்கள். விஷயம் அவர்கள் காதுக்குப் போனதும் பேச்சு நின்றுவிட்டது.

மேடம் வந்து ஒரு கல்லை உடைத்தார். நடுவில் ஒரு துண்டு, ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க மெட்ராஸுக்கு அனுப்பினார். படங்கள் வந்ததும் முதலாளி மேஜையில் விரித்து வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணுக்குத் தூளாகத் தெரிகிற சாம்பல் உண்மையில் குட்டிக் குட்டி உருண்டைகள். நடுத்துண்டில் காஸ்டிக் அந்த உருண்டைகளைத் தின்று, வெறும் ஓடாக விட்டிருந்தது. கரைந்தது பசையாகி இடைவெளியெல்லாம் அடைத்து இறுகியிருந்தது. ஓரத்துண்டில் உருண்டைகள் முழுசு முழுசாக இருந்தன. அவற்றுக்கு இடையில் வெறும் பள்ளம்.

"கலவையில மருந்து கொறைஞ்சிருந்தா நடுவுலயும் இப்பிடித்தான் இருக்கணும் பாய். உள்ள நல்லா இருக்கு. மேல் தோல்ல இருந்த மருந்த மட்டும் தண்ணி கரைச்சு வெளிய இழுத்திருக்கு. அந்த வெள்ளையும் அதுதான். இறுகுறதுக்கு முன்னாடி யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க" என்றார் மேடம்.

வாசலில் நின்ற பேச்சியம்மாள் உள்ளே வந்துவிட்டாள்.

"நாந்தான் ஊத்துனேன். மொதல்ல சும்மாதான் இருந்தேன், பொறவு மனசு கேக்கல. அண்ணாச்சி சாயங்காலம் கோயிலுக்குப் போனப்பொறவு கொடங்கொடமா ஊத்துனேன். கல்லுன்னா தண்ணி காட்டாண்டாமா? சோம்பேறித்தனத்துல மூடிப் போடச் சொல்லுதாகன்னு நெனச்சேன்."

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிமெண்ட் கல் தண்ணீர் விட்டால்தான் இறுகும்; அந்த வேலை பார்த்த யாருக்கும் கை சும்மா இருக்காது. தண்ணீர் விடாதே என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம். ஏன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

முதலாளி அப்போதே என்னைக் கூட்டிக்கொண்டு சுடலை வீட்டுக்குப் போனார். "தப்பாப் பேசிட்டேன்வே. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன், நீரு எடுக்கல. வேலைக்கு வாரும்" என்றார்.

சுடலை கேட்டது ஒன்றே ஒன்று. "பேச்சிக்கு வேல இருக்கா?"

"இருக்குவே. கொடத்த மட்டும் வீட்ல வச்சிட்டு வரச் சொல்லும்."

சுடலை சிரித்தார். மறுநாள் வந்தார். முதலாளி அந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் திரும்பி வரவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறகு கடவுள் அருளால் வேறு நல்ல இடம் அமைந்தது.

பழி சொன்ன வாய்கள் மட்டும் ஓயவில்லை. சுடலை காலமான பிறகும் பேட்டையில் ஒரு டீக்கடையில் "சிலிகேட்டு வித்த ஆளுல்லா" என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். அன்றுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஒரு மனுஷனைக் குறை சொல்லும் முன் உடைத்து உள்ளே பார்க்க வேண்டும் என்பதை நான் அந்தப் பட்டறையில் கற்றேன். படிக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சுவைக்காக எதையும் கூட்ட வேண்டாம். பேச்சியம்மாள் பெயரை மறைக்கவும் வேண்டாம், அவளே சம்மதித்திருக்கிறாள். சுடலைமுத்து திருடவில்லை. இதை இப்படியே சொல்லுங்கள்.